டம்மிக்குக் கை கிடையாது

"அடுத்த வாரம் பாக்கலாம்." மனைவி கேட்டாலும் டிரைவர் சொல்லும் பதில் இதுதான். மகள் கேட்டாலும் இதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டு விசாரித்த நர்ஸுக்கும் இதே பதிலைச் சொல்லிவிட்டு, டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். ஒரே பஸ்ஸில் அவர் முன்னால் ஸ்டியரிங்கும் நான் பின்னால் டிக்கெட்டுமாகப் பாதி ஆயுளை ஓட்டியிருக்கிறோம். கீழ்வீடு அவருக்கு, மாடிவீடு எனக்கு. வண்டியை ஒரு நாளும் நேரம் தவறி எடுக்காத மனுஷன், தன் உடம்பை மட்டும் ஸ்டாண்டிலேயே போட்டுவைத்திருந்தார்.

விஷயம் இதுதான். கிட்னியில் கல். வலியில் சுருண்டு விழுந்தவரை நாங்கள் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். கல் பெரிசு, உள்ளே சீழும் பிடித்திருக்கிறது, இப்போதைக்கு ஒரு குழாயை வைத்து அடைப்பை எடுத்துவிடுகிறேன், காய்ச்சல் அடங்கியதும் வாருங்கள், கல்லையும் குழாயையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். எடுக்காமல் விட்டால் அந்தக் கிட்னி போய்விடும். இன்னொரு பக்கத்துக் கிட்னி அவருக்குப் பிறவியிலேயே சின்னது, பேருக்குத்தான் இருக்கிறது. டாக்டர் இதையெல்லாம் பூசி மெழுகாமல் எங்கள் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். டிரைவர் ஒழுங்காகத் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்தார். அதோடு சரி.

மழைக்காலம் வேறு. துவைத்த துணி எதுவும் காயாமல் மாடிப்படி நெடுகத் தொங்கிக்கொண்டிருந்தது. தங்கச்சி, அதாவது டிரைவரின் மனைவி, அந்த ஈரத் துணிகளுக்கு நடுவில் என்னை மறித்து நிறுத்துவாள்.

"அண்ணே, நீங்களாவது சொல்லக் கூடாதா? ராத்திரி பூரா பாத்ரூமுக்கு நடக்கிறாரு. இடுப்பப் பிடிச்சிட்டு நிக்கிறாரு. கேட்டா வலி இல்லங்கிறாரு."

"பயமா இருக்கும்மா அவருக்கு."

"எதுக்குப் பயம்? மலைப்பாதையில பிரேக் போன வண்டிய ஒடிச்சு நிறுத்தினவரு. கத்திக்கா பயப்படுவாரு?"

அவள் சொன்னதும் நியாயம்தான். அன்றைக்கு அந்த வண்டியில் நானும் இருந்தேன். எனக்குத்தான் சர்வாங்கமும் ஆடியது, அவர் இறங்கி நின்று டீ கேட்டார்.

அவர்களுக்கு ஒரே மகள். ஊசி என்பது நான் வைத்த பேர். சின்ன வயசிலேயே என் யூனிபாரத்தில் பட்டன் தொங்கினால் பிடித்து உட்காரவைத்துத் தைத்துவிட்டுத்தான் விடுவாள், பேச்சும் அந்த மாதிரியே குத்தும். கல்லூரியில் உடை வடிவமைப்பு, கடைசி வருஷம். கடைசி வருஷத்தில் ஒரு கம்பெனியில் போய் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் வேலை ஒன்றை முழுசாக முடித்துக் காட்ட வேண்டும். அதற்கு மார்க் உண்டு. கூடப் படித்தவர்களில் ஒருத்திக்கு சினிமாக் கம்பெனி கிடைத்தது, ஒருத்தனுக்குப் பெரிய துணிக்கடை கிடைத்தது. இவளுக்கும், கிராபிக்ஸ் படிக்கும் இவளுடைய சிநேகிதிக்கும் விழுந்தது, ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் நோயாளி கவுனும் தைத்துத் தரும் கம்பெனி. அந்தச் சிநேகிதியை நாங்கள் கண்ணாடி என்போம். முகத்தில் பாதி கண்ணாடிதான் இருக்கும்.

"இத்தன வருஷம் படிச்சு ஆஸ்பத்திரிக்குத் தலகாணி உறை தைக்கப் போறியா?" என்றாள் தங்கச்சி.

"உறை இல்லம்மா, கவுன். பழைய பச்சைத் துணி பாக்கவே நோயாளி மாதிரி இருக்காம். புதுக் கலரு, புதுப் பூ போட்டுத் தரச் சொல்லியிருக்காங்க."

"படுத்துக் கிடக்கிறவனுக்குப் பூ ஒண்ணுதான் கேடு" என்றார் டிரைவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு பெண்களும் பூவைப் போட்டார்கள். இளநீலத்தில் சின்னச் சின்ன இலையும் பூவும். நான் கூட, எனக்கு ஒரு சட்டைக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். கல்லூரியிலிருந்து இரும்புத் தண்டில் நிற்கும், துணி மாட்டிப் பார்க்கும் டம்மி ஒன்றைத் தூக்கிவந்து கூடத்தில் நிறுத்தி, அதற்கு மாட்டி, முன்னும் பின்னும் சுற்றிச் சுற்றி ஊசி குத்தினார்கள். கம்பெனி மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்லூரி மேடம் மட்டும் பார்த்துவிட்டு, "இதை யாருக்குப் போட்டுப் பாத்தீங்க?" என்றாளாம். டம்மிக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். "ஓ, டம்மிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாளாம்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் டூட்டி முடிந்து வந்தபோது ஊசி அந்த டம்மிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, இதப் பாத்தீங்களா? இதுக்குக் கை கிடையாது."

"ஆமா, காலும் இல்ல. தலையும்தான் இல்ல. என்ன இப்ப?"

"இது படுக்காது மாமா. இது கையில டிரிப் ஏறாது. நாங்க கை வீசி நடக்கிற ஆளுக்குத் தச்சிருக்கோம். மூணு வருஷமா இதுக்கே தச்சுத் தச்சு, உள்ள ஒரு ஆளு இருப்பான்கிறதே மறந்துபோச்சு."

தப்பு என்று தெரிந்ததும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இவள் அப்பாவிடம் போனாள். "அப்பா, ஒரு தடவை படுத்துக் காட்டுங்கப்பா" என்றாள். டிரைவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"என்னைப் படுக்கவச்சுப் பாக்கணுமா உனக்கு?"

"சும்மா அளவுக்குப்பா."

"கவுனும் வேணாம், கிவுனும் வேணாம். போய் வேற வேலையப் பாரு."

சண்டை வந்துவிடுமே என்று நான் வாயை விட்டேன். "அதுக்கென்ன, நான் படுக்கிறேன்" என்றேன். என் வாய்தான் எனக்கு எதிரி.

பேன்ட்டுக்கு மேலேயே கவுனை மாட்டி, கூடத்துப் பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். ஜன்னல் கம்பியில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு நாடாவை இழுத்து என் மணிக்கட்டில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள் ஊசி. கண்ணாடி போனை நீட்டிப் படம் எடுத்தாள்.

"வயித்த உள்ள இழுங்க மாமா, படத்துல கவுன் தெரியல."

"இது என் சொந்த வயிறும்மா, எங்க இழுக்கிறது?"

அடுப்படியிலிருந்து தங்கச்சி சிரித்தாள். அவள் சிரித்தே ரொம்ப நாளாகியிருந்தது. "இப்ப கவுன மாத்தணும், டிரிப்பக் கழட்டக் கூடாது" என்றாள் ஊசி. அங்கேதான் சிக்கியது. கையை உருவ வேண்டுமானால் பாட்டிலையும் கைப்பகுதி வழியாக உருவ வேண்டும். பாட்டில் அக்குளில் போய் மாட்டிக்கொண்டது. அங்கே இழுத்தால் இங்கே முறுக்குகிறது. கழுத்தில் முடிச்சு இறுகி எனக்குக் கண் பிதுங்கியது.

"யோவ் கண்டக்டர், ஆளு செத்துட்டானா பாரு" என்று டிரைவரும் நாற்காலியில் குலுங்கிச் சிரித்தார்.

"எழுந்து நடங்க மாமா" என்றாள் ஊசி.

எழுந்தேன். ஒரு கையில் ஒட்டடைக் குச்சி, அதுதான் டிரிப் ஸ்டாண்டு. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ராஜா மாதிரி நடந்தேன். பின்பக்கம் இரண்டு நாடா, நடுவில் எல்லாம் திறந்தவெளி. திரும்பி வரும்போது பார்த்தேன், டிரைவர் சிரிக்கவில்லை.

"அப்படி நடக்க மாட்டான்" என்றார்.

"எப்படிப்பா நடப்பாங்க?"

"இவன் உள்ள பேன்ட் போட்டிருக்கான். அதான் கைய வீசுறான். உள்ள ஒண்ணும் இல்லாதவன் இப்படி நடக்க மாட்டான்." எழுந்து வந்து என் கையிலிருந்த குச்சியை வாங்கினார். இடது கையால் குச்சியைப் பிடித்துக்கொண்டு வலது கையைப் பின்னால் கொண்டுபோய்த் துணியை இறுக்கிப் பிடிப்பதைப் போல வைத்துக்கொண்டார். தோள் குறுகி, கழுத்து முன்னால் வந்துவிட்டது. என் சிநேகிதரை அப்படி ஒரு உருவத்தில் நான் கண்டதில்லை.

"ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பக்கத்துலதான், நடந்தே வாங்கன்னாங்க. பின்னாடி நாடாவுல ஒண்ணு அறுந்து கிடந்துச்சு. வராந்தா பூரா ஜனம். லிஃப்ட் கதவு திறக்குது, உள்ள நம்ம டீச்சரம்மா."

"எந்த டீச்சர்? முன் சீட்டா?" என்றேன்.

"அதேதான். தினம் ஏறும்போது எனக்கு வணக்கம் சொல்ற ஒரே ஆளு. 'டிரைவர் சார், என்ன ஆச்சு'ன்னு கிட்ட வர்றாங்க. கையெடுத்து ஒரு வணக்கம் சொல்ல எனக்குக் கை இல்ல. ரெண்டு கையும் வேலையா இருக்கு. செவுத்தோட முதுக ஒட்டவச்சிட்டு அப்படியே நின்னேன். கண்ண மூடிட்டேன். அவங்க போனாங்களா, பாத்தாங்களா, யாரெல்லாம் பாத்தாங்க, எதுவும் தெரியாது."

அடுப்படி வாசலில் தங்கச்சி கரண்டியோடு நின்றாள்.

"இதுக்காகவா? அட மனுஷா, இதுக்காகவா இத்தன நாளா எங்களச் சாகடிச்ச? கிட்னி போனா பரவாயில்ல, முதுகு தெரியக் கூடாதா?"

"சொல்ல எனக்கே அசிங்கமா இருந்துச்சுடி" என்றார் அவர்.

ஊசி கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்தாள். "அப்பா, அந்தக் கைய இன்னொரு தடவ பின்னாடி கொண்டுபோங்க. எங்க பிடிச்சீங்க? இடுப்புக்கு மேலயா, கீழயா?"

எனக்கு வந்ததே கோபம். அவளை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், "உனக்கு நெஞ்சு இருக்கா? மனுஷன் நொந்து நிக்கிறான், நீ அளவு எடுக்கிற" என்றேன்.

அவள் அந்த நாடாவை விரலில் சுற்றி இறுக்கினாள். "நான் இப்ப அழுதேன்னா அப்பா எழுந்து உள்ள போயிடுவாரு மாமா. அப்புறம் ஜென்மத்துக்கும் வாயத் திறக்க மாட்டாரு. அளவு கேட்டா பேசுவாரு. பேச விடுங்க."

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அவள் கேட்கக் கேட்க அவர் சொன்னார். படுத்தால் முதுகில் துணி எப்படிச் சுருளும், நர்ஸ் ஊசி போட வந்தால் எவ்வளவு திறக்க வேண்டியிருக்கும், உட்கார்ந்தால் எங்கே விலகும், எல்லாவற்றையும் சொன்னார். தங்கச்சி கொண்டுவந்து வைத்த சோறு ஆறிப்போனது.

அதற்குப் பிறகு அவர்கள் பூவை விட்டுவிட்டுத் துணியை வெட்டும் விதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கம்பெனியில் நோயாளி இல்லையே, அதனால் எனக்கு லீவு நாளில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீளக் கொட்டகை, வரிசையாகத் தையல் மெஷின், பஞ்சுத் தூசி மூக்கை அடைத்தது. வெட்டு மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்துவைத்து மின்கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டினார்கள், பார்க்கப் பயமாக இருந்தது. மதியம் மெஷின் ஓய்ந்ததும் அந்த மேசையிலேயே என்னைப் படுக்கவைத்தார்கள்.

"பேஷன்ட் வந்தாச்சு, மயக்க மருந்து குடுங்கப்பா" என்றார் ஒரு டெய்லர். சாப்பாட்டு டப்பாவும் கையுமாக எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

சூப்பர்வைசர் அம்மாவுக்கு ஆள் பெரிது, குரல் அதைவிடப் பெரிது. "இந்தப் புள்ளைங்க வந்ததுல இருந்து என் ஆளுங்க ஒருத்தனும் ஒழுங்கா சாப்பிடறதில்ல சார். ஆளுக்கு ஒரு யோசனை சொல்லிட்டு நிக்கிறாங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளும் ஒரு யோசனை சொன்னாள்.

டிரிப்பைக் கழட்டாமல் கைப்பகுதி பிரிய, முதலில் தோளில் பிளாஸ்டிக் பட்டன் வைத்தார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் சூடான இஸ்திரி உருளையில் அது அப்பளமாக நொறுங்கியது. உலோகம் வைத்தால் எக்ஸ்ரேக்கு ஆகாது. கடைசியில் துணி நாடாதான் என்று முடிவாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து பார்க்க வந்த ஒரு நர்ஸ், "அவசரத்துல நான் எந்த நாடா எதோட சேரும்னு தேடிட்டு இருக்கணுமா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டாள். ஊசிக்கு மூக்கு உடைந்தது. கண்ணாடிதான் யோசித்தாள், சேர வேண்டிய இரண்டு நாடாவுக்கும் ஒரே நிறம். மஞ்சளோடு மஞ்சள், நீலத்தோடு நீலம். தூக்கக் கலக்கத்திலும் கட்டலாம். ஒவ்வொரு மாதிரியையும் தைத்து, மாட்டி, பிரித்து, மறுபடி தைத்தார்கள். ஊசியின் விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவாள், நான் ஸ்டாப் வந்ததும் எழுப்புவேன்.

முடிந்த கவுன் இப்படி இருந்தது. ஒரு பக்கத்துத் துணி முதுகைத் தாண்டிச் சுற்றிவந்து மறுபக்க இடுப்பில் முன்னால் கட்டும். எழுந்தாலும் உட்கார்ந்தாலும் விலகாது. டாக்டர் வந்தால் ஒரு நாடாவை இழுத்தால் போதும், பின்பக்கம் முழுக்கத் திறக்கும். கைப்பகுதி தோளிலிருந்தே பிரியும், டிரிப் அதன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

"நாங்க பூ மட்டும்தானம்மா கேட்டோம்" என்றார் மேனேஜர்.

"பூவும் இருக்கு சார்" என்றாள் ஊசி.

வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் எதுவும் பேசாமல் நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மத்தியானம் போட்டுக்கொண்டார். டீ குடித்தார், பேப்பர் படித்தார், கட்டிலில் புரண்டார். கேஸ் சிலிண்டர்காரர் மணி அடித்தபோது போய்க் கதவைத் திறந்து, கையெழுத்துப் போட்டு, சில்லறை இல்லை என்று அவரோடு கொஞ்சம் சண்டையும் போட்டுவிட்டு வந்தார். வந்த பிறகுதான் என்ன உடுப்பில் இருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. எனக்கு எதிரிலேயே நின்று தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"தேதி வாங்கு" என்றார் மகளிடம். "இதப் போட்டுட்டுத்தான் போவேன்."

தங்கச்சி அன்றைக்கு என் வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஊசி நனைந்துகொண்டே வந்தாள். குடை கையில்தான் இருந்தது, விரிக்கவில்லை.

"அப்பா, இந்தக் கவுன உள்ள விட மாட்டாங்களாம். ஆஸ்பத்திரிக் கமிட்டி பாத்து ஒத்துக்காம வெளித் துணி எதையும் வார்டுக்குள்ள கொண்டுவரக் கூடாதாம். கிருமி பிரச்சினையாம். கமிட்டி அடுத்த மாசம்தான் கூடுமாம். கெஞ்சிப் பாத்தேம்பா. அவங்க சொல்றதும் சரிதான்." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பாக்கலாம் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். தங்கச்சியும் அதையே எதிர்பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் டிவியை நிறுத்தினார்.

"கமிட்டி என்ன கேக்கும்?"

"பழசுல என்ன குறைன்னு முதல்ல கேப்பாங்க. இத்தன வருஷம் எல்லாரும் போட்டதுதானே, யாரும் சொல்லலயேம்பாங்க."

"யாரு சொல்லுவான்? கண்ண மூடிட்டுக் கிடப்பான், வீட்டுக்கு வந்து வாய மூடிக்குவான், என்ன மாதிரி." அவள் ஈரத் தலையில் கையை வைத்தார். "போன தடவ நான் ஒண்ணையும் பாக்கல. இந்தத் தடவ பழசையே போட்டுக்கிறேன். எங்க விலகுது, எங்க குத்துது, எல்லாம் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"வேணாம்பா. உங்களுக்கு அது..."

"நீ உன் டூட்டியப் பாத்த. நாளைக்கு என் டூட்டி."

காலையில் டூட்டிக்குப் போவது மாதிரியே முகம் மழித்து, தலையைப் படிய வாரிக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் அந்தப் பழைய பச்சைத் துணியைக் கொடுத்தார்கள். கட்டிக்கொண்டு வெளியே வந்தவர் கையைப் பின்னால் கொண்டுபோனார். நான் அவர் முதுகோடு ஒட்டிப் போய் நின்றுகொண்டேன்.

"நான் பின்னாடிதான் வர்றேன். நீ பாட்டுக்குப் போ" என்றேன்.

வராந்தாவில் அன்றைக்கும் ஜனம்தான். அவருக்குக் கூச்சம் போய்விடவில்லை, காது மடல் சிவந்திருந்தது. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தார். ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிய பிறகு நாங்கள் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். தங்கச்சி மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காய்ப்புகளைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் வெளியே வந்தார். கல் போயிற்று, குழாயும் எடுத்தாயிற்று, கிட்னி பிழைத்துக்கொண்டது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார். தங்கச்சி சத்தம் வராமல் அழுதாள். எனக்கும் மூக்கு ஒழுகியது, சளி என்று சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதி மயக்கம். இமை கனத்துக் கிடந்தது. தங்கச்சி குனிந்து, "என்னங்க, நாந்தான், தெரியுதா?" என்றாள். அவர் உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து நர்ஸ் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் கண் மகளைத் தேடியது. ஊசி வாயருகில் காதை வைத்தாள்.

"கழுத்து முடிச்சு" என்றார். நாக்கு குழறியது. "மல்லாக்கப் படுத்தா... பின்னங்கழுத்துல குத்துது. எழுதிக்கோ."

அவளிடம் பேப்பர் இல்லை. என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி உள்ளங்கையில் எழுதினாள். எழுதும்போதே அதன் மேல் கண்ணீர் விழுந்து மை கரைந்தது, துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேம்பா."

அவர் கண்ணை மூடி, மூச்சை ஒரு தடவை நன்றாக இழுத்துவிட்டார்.

"ரெண்டாவது..." என்றார்.